பின்னால் ஸ்பேசர் போட்டால் முன்சக்கரம் ஏன் மாறுகிறது? வண்டியின் உயரமும் அலைன்மென்ட்டும்

கேள்வி (உடுமலைப்பேட்டை வாசகர், 8 ஜூன் 2024)

பழைய ஹேட்ச்பேக். தோட்டத்துக்கும் டவுனுக்கும் ஓடுகிறது. டிக்கியில் தேங்காய் மூட்டை ஏற்றினால் வேகத்தடையில் அடி தட்டுகிறது என்று பின்னால் இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கில் வண்டியை உயர்த்தும் ஸ்பேசர் போட்டேன். போட்ட கடையிலேயே அலைன்மென்ட்டும் பார்த்தார்கள், தாளில் எல்லாம் பச்சை. ஆனால் வண்டி முன்பு மாதிரி இல்லை. நான்கு வழிச்சாலையில் 80ஐத் தாண்டினால் ஸ்டியரிங் மிதக்கிறது. வளைவு முடிந்ததும் தானாக நேராகத் திரும்புவதில்லை, நான்தான் திருப்ப வேண்டியிருக்கிறது. கடைக்காரர் "பின்னாடி போட்டதுக்கும் முன்னாடிக்கும் சம்பந்தமே இல்லீங்ணா, பவர் ஸ்டியரிங் மோட்டாரைப் பாருங்க" என்கிறார். உண்மையா?

8 ஜூன் 2024, இரவு

சம்பந்தம் இருக்கிறது. மோட்டாருக்கு இப்போதைக்குச் செலவு செய்யாதீர்கள்.

முன்சக்கரம் ஓர் அச்சைச் சுற்றித்தான் திரும்புகிறது. உங்கள் வண்டியில் அந்த அச்சு, மேலே ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) மவுன்ட்டிலிருந்து கீழே, சக்கரத்தைப் பிடிக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட் வரை போகும் கோடு. பக்கத்திலிருந்து பார்த்தால் கோடு செங்குத்தாக இருக்காது, மேல்முனை கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்திருக்கும். சைக்கிளின் முன் போர்க் சாய்ந்திருக்கிறதே, அதே காரணத்துக்காகத்தான். இந்தச் சாய்வுக்குப் பெயர் கேஸ்டர். வண்டி ஓடும்போது சக்கரத்தை நேராக இழுத்து வைப்பதும், வளைவு முடிந்ததும் ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொடுப்பதும் பெரும்பாலும் இதன் வேலை.

இப்போது பின்பக்கத்தை 25 மி.மீ தூக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடி முழுவதும் முன்னோக்கிக் கவிழ்கிறது, ஸ்ட்ரட்டின் மேல்முனையும் கூடவே முன்னால் வருகிறது. வீல்பேஸ் 2,450 மி.மீ என்றால், 25ஐ 2,450ஆல் வகுத்து வரும் கோணம் ஏறக்குறைய 0.6 டிகிரி. அது அப்படியே கேஸ்டரிலிருந்து கழியும். சின்னக் காரில் கேஸ்டர் இருப்பதே சில டிகிரிதான், அதில் அரை டிகிரிக்கு மேல் போனால் கைக்குத் தெரியாமல் இருக்குமா? அதுவும் எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் வண்டியில் இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் மோட்டார், கியர் என்று உராய்வு ஏற்கெனவே கூடுதல்.

9 ஜூன் 2024

அப்புறம் ஏன் தாளில் எல்லாம் பச்சை? இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், நேற்றே சொல்லியிருந்தால் குழம்பியிருக்கும்.

அலைன்மென்ட் மெஷின் டோவையும் (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு; உள்ளே என்றால் டோ இன், வெளியே என்றால் டோ அவுட்) கேம்பரையும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை சாய்ந்திருக்கும் அளவு; வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ், உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ்) வண்டி நிற்கும்போதே படித்துவிடும். கேஸ்டரை அப்படிப் படிக்க முடியாது. முன்சக்கரங்களைச் சுழலும் தட்டின் மேல் நிறுத்தி, ஸ்டியரிங்கை இடப்பக்கம் இத்தனை டிகிரி, வலப்பக்கம் இத்தனை டிகிரி என்று திருப்பி, அதில் கேம்பர் எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்து மெஷின் கணக்குப் போடும். அதற்கு நேரம் பிடிக்கும். வரிசையில் வண்டிகள் நிற்கும் கடையில், கேட்டால் ஒழிய இதைச் செய்ய மாட்டார்கள். டோவைத் திருப்பிச் சரிசெய்து, பச்சை வந்ததும் தாளை அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் தாளில் கேஸ்டர் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்சக்கரத்தின் எண்களும் மாறியிருக்காது. இந்த வகை வண்டியில் பின்னால் இருப்பது டார்ஷன் பீம், இரண்டு பின்சக்கரத்தையும் குறுக்கே இணைக்கும் ஒரே உத்திரம். இரண்டு பக்கமும் ஒரே அளவு தூக்கினால் பீம் முன்பக்க ரப்பர் புஷ்களைச் சுற்றி இறங்கும், அவ்வளவுதான். சக்கரத்தின் டோவும் கேம்பரும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஆகத் தூக்கிய இடத்தில் எண் மாறவில்லை, மாறிய எண்ணை யாரும் அளக்கவில்லை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் மெஷின் காட்டியதைத்தான் சொன்னார்.

9 ஜூன் 2024, பின்னர்

ஹெட்லைட்டையும் பாருங்கள். அதே 0.6 டிகிரி விளக்கையும் கீழே சாய்த்திருக்கும். 10 மீட்டர் தூரத்தில் ஒளி ஏறக்குறைய 10 செ.மீ இறங்கியிருக்கும். இரவில் பி.ஏ.பி (பரம்பிக்குளம் ஆழியாறு) பாசன வாய்க்கால் மேட்டில் வரும்போது தெரு கொஞ்சம் கிட்டத்தில் முடிகிற மாதிரி இருக்கிறதா?

11 ஜூன் 2024

உடுமலைக்காரர் கடையில் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார். ஸ்பேசர் 20 மி.மீ தானாம். "அப்படியானால் உங்கள் 25 கணக்கு தப்பு, பாதிப்பு இன்னும் குறைவுதானே?"

இல்லை. ஸ்பேசரின் தடிமனும் வண்டி எழும் அளவும் ஒன்றல்ல. டார்ஷன் பீமில் ஸ்பிரிங் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். சக்கர மையத்துக்கு நேராக இல்லாமல் சற்று முன்னால், புஷ் இருக்கும் பக்கம் தள்ளி இருந்தால், ஸ்பிரிங்குக்கு 20 மி.மீ கொடுத்தால் சக்கரம் இருக்கும் இடத்தில் 20க்கும் மேலாக எழும். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவில் செருகும் ரப்பர் பஃபராக இருந்தால் கதையே வேறு, அது ஒரு சுற்றை வேலை செய்யவிடாமல் பிடித்து ஸ்பிரிங்கைக் கடினமாக்குகிறது, உயர்த்துவது அதன் பக்கவிளைவு. அது எவ்வளவு உயர்த்தும் என்பது எடையைப் பொறுத்தது, பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்ப முடியாது.

ஆகவே அளக்க வேண்டும். வண்டியின் உயரம் பற்றிப் பேசும் எல்லோரும் "கிரவுண்ட் கிளியரன்ஸ்" என்கிறார்கள், ஆனால் அதை வீட்டில் அளப்பது சரிவராது. தரை சமமாக இருக்காது, டயர் காற்று குறைந்தாலே எண் மாறிவிடும். நான் அளப்பது வீல் நடு மையத்திலிருந்து நேர்மேலே ஃபெண்டர் விளிம்பு வரை. காற்றையும் டயர் தேய்மானத்தையும் இந்த அளவு பார்க்காது, சஸ்பென்ஷன் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்லும். அளக்கும் முன் வண்டியை முன்னும் பின்னும் சில அடி தள்ளி, நான்கு மூலையையும் அழுத்திவிட்டு விட வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளந்தால் டயர் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு வண்டி உயரமாகவே நிற்கும்.

என் வண்டியில் டேங்க் நிரப்பி, ஆள் இல்லாமல் எடுத்த அளவு: முன் இடது 364, முன் வலது 359, பின் இடது 352, பின் வலது 350. வலப்பக்கம் குறைவாக இருப்பதில் அதிசயமில்லை, நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம், பெரும்பாலான நாள் அவர் மட்டும்தான் ஏறுகிறார், வருஷக்கணக்கில் அந்த ஸ்பிரிங்தான் கூடுதலாக அமுங்கியிருக்கும். 5 மி.மீ வித்தியாசத்துக்கு நான் கவலைப்பட மாட்டேன். 10ஐத் தாண்டினால் ஸ்பிரிங், மேல் மவுன்ட், லோயர் ஆர்ம் புஷ் எல்லாவற்றையும் பார்ப்பேன்.

12 ஜூன் 2024

நேற்றைய அளவிலிருந்து இன்னொன்று தோன்றியது. உடுமலைக்காரரின் வண்டி பழையது, முன் ஸ்பிரிங் இறங்கியிருக்க வாய்ப்பு நிறைய. முன்னால் 12 மி.மீ இறங்கி, பின்னால் 25 ஏறியிருந்தால் மொத்த வித்தியாசம் 37. அதே வீல்பேஸுக்கு 0.87 டிகிரி. ஸ்பேசர் மட்டும் குற்றவாளி அல்ல, இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து தள்ளியிருக்கலாம். அவர் முன்பக்கத்தையும் அளந்து எழுதினால் நல்லது.

16 ஜூன் 2024

பல்லடத்திலிருந்து ஒருவர்: "பின்னால் தூக்கினால்தான் பிரச்சினை என்றால் முன்னாலும் அதே அளவு தூக்கிவிட்டால் சரியாகிவிடுமே?"

கேஸ்டர் சரியாகும், ஹெட்லைட்டும் சரியாகும். ஆனால் வேறு இரண்டு கிளம்பும். எனக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு. பழைய வண்டியாக வாங்கிய ஒரு காரில் முந்தைய உரிமையாளர் முன் ஸ்ட்ரட் மவுன்ட்டுக்கு மேல் அலுமினிய ஸ்பேசர் போட்டிருந்தார். பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு மண்சாலைக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முன் டயர்கள் இரண்டும் வெளித்தோளில் தேய்ந்து வந்தன.

மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில், அதாவது இந்த வகை முன்பக்கத்தில், வண்டியைத் தூக்கினால் லோயர் ஆர்ம் வெளிமுனை கீழ்நோக்கிச் சாயும். சாயச் சாயப் பால் ஜாயின்ட் உள்ளே இழுக்கப்படும். சக்கரத்தின் அடி உள்ளே போகிறது, தலை வெளியே நிற்கிறது, அதாவது கேம்பர் பாசிட்டிவ் பக்கம் நகர்கிறது. வெளித்தோள் தேய்மானத்துக்கு ஒரு காரணம் அது. ஆனால் டயரைத் தின்றது கேம்பரைவிட டோ என்று நான் நினைக்கிறேன். லோயர் ஆர்மும் டை ராடும் (ஸ்டியரிங் ரேக்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி) ஒரே நீளமில்லை, ஒரே உயரத்தில் தொடங்குவதுமில்லை, அதனால் இரண்டும் வெவ்வேறு வில்லில் சுழல்கின்றன. உயரம் மாறும்போது ஒன்று கூடுதலாகவும் இன்னொன்று குறைவாகவும் உள்ளே இழுக்க, சக்கரம் திரும்பிவிடுகிறது. எந்தப் பக்கம் திரும்பும் என்பது ஸ்டியரிங் ரேக் அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, டை ராட் எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. "தூக்கினால் டோ இன் ஆகும்" என்று எல்லா வண்டிக்கும் ஒரே விதி சொல்பவரை நம்ப வேண்டாம்.

டோ எவ்வளவு கொடுமையானது என்பதற்கு ஒரு கணக்கு. 15 இன்ச் ரிம் விளிம்பில் 1 மி.மீ என்பது 0.15 டிகிரி, மெஷின் மொழியில் 9 நிமிடம். ஒரு சக்கரம் அந்த 0.15 டிகிரி மட்டும் திரும்பி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 2.6 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. பொள்ளாச்சியிலிருந்து கோவை 40 கிலோமீட்டர். போய்வந்தால் அந்த டயரை 200 மீட்டருக்கு மேல் தார்ச்சாலையில் குறுக்கே தேய்த்திருக்கிறீர்கள்.

மெஷின் இல்லாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளங்கையை டயரின் மேல் வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கித் தடவுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே. உள்நோக்கித் தடவும்போது வழவழப்பாகவும் வெளிநோக்கித் தடவும்போது முனைகள் குத்துவதாகவும் இருந்தால் டோ இன் அதிகம். தலைகீழாக இருந்தால் டோ அவுட். முனைகள் எங்கும் குத்தாமல் ஒரு தோள் மட்டும் மழுங்கத் தேய்ந்திருந்தால் கேம்பர் மேல் சந்தேகப்படலாம். கம்பி வெளியே தெரிகிற டயரில் இந்தச் சோதனை வேண்டாம், கையைக் கிழித்துவிடும்.

17 ஜூன் 2024

நேற்று பாதியில் விட்டது. டோ டை ராடைத் திருகினால் சரியாகும், எந்தக் கடையிலும் செய்வார்கள். கேம்பர் அப்படியில்லை. நம் சாலையில் ஓடும் பல ஹேட்ச்பேக்குகளில் கேம்பருக்குத் தனி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பிடிக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றை எக்சென்ட்ரிக், அதாவது மையம் விலகிய, போல்ட்டாக மாற்றினால் கொஞ்சம் கிடைக்கும். அது கண்ணியமான வழி. ஜாக்கி போன்ற ஒரு கருவியைக் கொடுத்து அமுக்கி ஸ்ட்ரட்டையே வளைத்து எண்ணைப் பச்சைக்குக் கொண்டுவருவதையும் பார்த்திருக்கிறேன். என் வண்டியில் அதைச் செய்ய விடமாட்டேன். ஸ்ட்ரட்டின் உள்ளே ராட் நேராக ஏறி இறங்க வேண்டும், ஆயில் சீல் அதை நம்பித்தான் இருக்கிறது. வளைத்த ஸ்ட்ரட்டுக்கு ஆயுசு இல்லை.

அந்த அலுமினிய ஸ்பேசரைக் கழற்றினேன். டோவை மறுபடி வைத்த பிறகு அடுத்த ஜோடி டயர் சமமாகவே தேய்ந்தது. மண்சாலையில் வண்டி முன்பைவிடத் தாழ்வாகத்தான் போகிறது, மெதுவாக ஓட்டிக்கொள்கிறேன்.

23 ஜூன் 2024

வண்டியைத் தாழ்த்தி இறக்கும் கூட்டத்தைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கோவையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் ஊர்க்காரர் கேட்கத்தான் செய்வார்.

முதலில் ஸ்பிரிங் வெட்டுவது. வேண்டாம். ஒரு சுற்றை வெட்டினால் ஸ்பிரிங் குட்டையாகிறது, கடினமாகவும் ஆகிறது, ஆனால் ஷாக்கின் நீளம் அப்படியே இருக்கிறது. வண்டி கீழே நிற்பதால் பம்ப் ஸ்டாப்புக்கு (சஸ்பென்ஷன் முழுதும் அமுங்கும்போது மோதும் ரப்பர்) இருந்த இடைவெளி குறைந்துவிடும். நகராட்சி தோண்டி மூடிய பள்ளத்தில் இறங்கும்போது சஸ்பென்ஷன் வேலை செய்யாது, ரப்பர்தான் அடி வாங்கும். ஜாக்கியில் தூக்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டே நழுவவும் கூடும்.

கோணங்களைப் பொறுத்தவரை இறக்குவது தூக்குவதின் எதிர்ப்பக்கம், ஆனால் ஒரு எல்லை வரைதான். முதலில் கேம்பர் நெகட்டிவ் பக்கம் போகும், வளைவில் பிடிமானத்துக்கு அது நல்லதே. ஆனால் லோயர் ஆர்மின் வெளிமுனை கிடைமட்டத்தைத் தாண்டி மேலே போய், ஸ்ட்ரட்டுக்குச் செங்குத்தாகும் நிலையையும் கடந்தால், அதற்குப் பிறகு வண்டி அமுங்க அமுங்கக் கேம்பர் திரும்பவும் பாசிட்டிவ் பக்கம் வரும். ரோல் சென்டரும் (வளைவில் பாடி சாய்வதற்கு மையமாக இருக்கும் புள்ளி) வண்டி இறங்கியதைவிடக் கூடுதலாக இறங்கும். அதனால் அளவுக்கு மீறி இறக்கிய மெக்ஃபர்சன் வண்டி பார்க்க ரேஸ் வண்டி மாதிரி இருந்தாலும் வளைவில் கூடுதலாகச் சாய முயலும். அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங், அதற்கு இன்னும் கடினமான ஷாக் என்று போய்க்கொண்டே இருக்கும்.

ரேஸ் ஆட்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. அவர்கள் உயரத்தையும் கோணத்தையும் வைக்கும்போது ஓட்டுநரை உட்கார வைத்து வைப்பார்கள், இல்லையென்றால் அவர் எடைக்குச் சமமான சுமையை இருக்கையில் வைப்பார்கள். வண்டி ஓடப்போகும் எடையில்தான் அளவு. இதை நம் ஊர்க் கடைகளில் யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த அளவிலிருந்து வண்டியை மாற்றுவது பற்றியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே வாசித்தது. செலவு செய்யும் முன் அதையும் யோசியுங்கள்.

30 ஜூன் 2024

ஈரோட்டுக்காரர் ஒருவர் குவாலிஸ் வைத்திருக்கிறார். முன்னால் ஸ்பேசரே தேவையில்லை, டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) போல்ட்டைத் திருகினால் வண்டி எழுந்துவிடுகிறது, ஆனால் பயணம் கட்டை வண்டி மாதிரி ஆகிவிட்டது, பார் கடினமாகிவிட்டதா என்கிறார்.

பார் கடினமாகாது. அதன் கடினம் நீளத்தையும் தடிமனையும் பொறுத்தது, போல்ட்டைத் திருகுவதால் இரண்டும் மாறவில்லை. நீங்கள் மாற்றியது பார் எந்த இடத்திலிருந்து முறுக்கத் தொடங்குகிறது என்பதை மட்டும். பிறகு ஏன் அடிக்கிறது? சக்கரம் கீழே இறங்க மிச்சமிருந்த தூரம் குறைந்துவிட்டது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஆர்ம் கீழ் ஸ்டாப்பில் போய் மோதுகிறது. வேகத்தடை ஏறி இறங்கும்போது "டொக்" என்று கேட்டால் அதுதான்.

பழைய அம்பாசடரிலும் முன்னால் டார்ஷன் பார்தான், பின்னால் கமான் பட்டை. எங்கள் அப்பாரு காலத்து மெக்கானிக்குகள் அதன் முன் உயரத்தைத் தொட்டால் அதோடு விடமாட்டார்கள், டோவையும் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்கள். மெஷின் இல்லை, இரண்டு டயருக்கும் நடுவில் கோடு கிழித்து, முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. அந்த வரிசை இன்றைக்கும் சரி: உயரம் முதலில், கோணம் பிறகு.

குவாலிஸ் மாதிரி மேலும் கீழும் ஆர்ம் உள்ள டபுள் விஷ்போன் வண்டியில் ஒரு வசதி, பலவற்றில் மேல் ஆர்ம் பிடிக்கும் இடத்தில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துக் கேம்பரையும் கேஸ்டரையும் சரிசெய்யலாம். ஈரோட்டுக்காரர் போல்ட்டை இரண்டு பக்கமும் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அலைன்மென்ட்டுக்குப் போவதுதான் என் யோசனை. எடை பாரில் இருக்கும்போது போல்ட்டைத் திருக வேண்டாம், ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுத் திருகுங்கள்.

7 ஜூலை 2024

திருச்செங்கோட்டிலிருந்து ரிக் (ஆழ்துளைக் கிணறு போடும்) வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர், "எங்க லாரிக்கெல்லாம் பட்டை சேர்த்தா கேம்பர் மாறவே மாறாதே" என்கிறார். அவர் சொல்வது முழுக்கச் சரி. முன்னால் ஒரே இரும்பு ஆக்ஸில், இரண்டு முனையிலும் சக்கரம். வண்டியை எவ்வளவு தூக்கினாலும் ஆக்ஸில் தரைக்கு இணையாகவே இருக்கும், டோவும் ஒரே டை ராடில் பூட்டியிருப்பதால் அசையாது.

ஆனால் அங்கேயும் இரண்டு மாறும். ஒன்று கேஸ்டர், பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஆப்பு வைத்து அவர்கள் அதைத் திருத்துவது இதனால்தான். இன்னொன்று டிராக் லிங்க். அது ஸ்டியரிங் பெட்டியிலிருந்து முன்பின்னாக ஓடி முன்சக்கரத்தைத் திருப்புகிறது. சேசிஸ் எழும்போது அதன் சாய்வு மாறுவதால், வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும். பட்டை சேர்த்த பிறகு ஸ்டியரிங் கோணலாகிவிட்டது என்று லாரிக்காரர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வீலைக் கழற்றித் திருப்பி மாட்டுவது தீர்வல்ல. அப்படி மாட்டினால் பெட்டி அதன் நடு நிலையில் நிற்காது.

14 ஜூலை 2024

ஆம்னி வேனில் பின்பட்டை சேர்த்துத் தூக்கப் போவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அலைன்மென்ட்டை விட்டுவிட்டு ஒரு முக்கியமான விஷயம். சுமை ஏற்றும் வேன், பிக்கப் பலவற்றில் பின் ஆக்ஸிலுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங் அல்லது கம்பியோடு பிரேக் வால்வு ஒன்று இருக்கும். வண்டி தாழ்ந்து நின்றால் சுமை இருக்கிறது என்று அது புரிந்துகொண்டு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும், உயர்ந்து நின்றால் காலி வண்டி என்று குறைத்துவிடும். நீங்கள் வண்டியைத் தூக்கினால், சுமையோடு போகும்போதும் அது காலி வண்டி என்றே நினைக்கும். பின் பிரேக் தேவைப்படும் நேரத்தில் குறைவாகக் கிடைக்கும், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் முன் பிரேக்தான் முழுச் சுமையையும் வாங்கும். உங்கள் வண்டியில் அந்த வால்வு இருக்கிறதா என்று அடியில் பாருங்கள், இருந்தால் உயரத்தைத் தொடும் முன் அதை எப்படி மறுபடி வைப்பது என்று தெரிந்த ஆளைத் தேடுங்கள். இதைப் பற்றி எனக்கு மிகுந்த கவலை உண்டு, ஸ்பேசர் விற்கும் ஒருவரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

21 ஜூலை 2024

உடுமலைக்காரர் வேறு கடையில் கேஸ்டரையும் சேர்த்து அளந்திருக்கிறார். இரண்டு பக்கமும் கம்பெனி சொன்ன அளவுக்குக் கீழே, இடம் வலம் வித்தியாசம் பெரிதாக இல்லை. முன் ஸ்பிரிங்கும் இறங்கித்தான் இருந்தது. அவர் ஸ்பேசரை எடுத்துவிட்டு நான்கு ஸ்பிரிங்கையும் புதிதாகப் போடப் போகிறார். நல்ல முடிவு என்பேன். இறங்கிப்போன ஸ்பிரிங்குக்கு அடியில் ஸ்பேசர் வைப்பது உயரத்தை மட்டும் திருப்பித் தருகிறது. சுமை ஏறியதும் அது மறுபடி அமுங்கும். டிக்கியில் மூட்டை ஏற்றுவது அன்றாடம் என்றால், அந்த மாடலின் வேறொரு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் கொஞ்சம் கடினமான பின் ஸ்பிரிங் கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். பெட்ரோல், டீசல் இரண்டும் வந்த வண்டியில் முன் ஸ்பிரிங் பெரும்பாலும் வேறு வேறு, ஆகவே முன்பக்கத்துக்கு இஞ்சினைச் சொல்லி வாங்குங்கள்.

அவர் கேட்ட இன்னொன்று, வண்டி இடப்பக்கம் இழுப்பது எதனால். நம் சாலை நடுவில் மேடு, ஓரம் சரிவு. இடப்பக்கம் ஓட்டும் வண்டி லேசாக இடப்பக்கம் நகர்வது இயல்பு. சமமான இடத்திலும் இழுத்தால், கேம்பர் எந்தப் பக்கம் கூடுதல் பாசிட்டிவாக இருக்கிறதோ அந்தப் பக்கம், கேஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் என்று பாருங்கள். அதற்கும் முன் முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் கூடவே மாறினால் குற்றம் டயரில்.

22 ஜூலை 2024

புது ஸ்பிரிங் போடும் நாளுக்கு ஒரு குறிப்பு, இதைக் கடையில் நின்று கவனிக்க வேண்டும்.

லோயர் ஆர்ம் போல்ட்டையும் பின் பீம் போல்ட்டையும் சக்கரம் தொங்கும்போது இறுக்கக்கூடாது. அந்தப் புஷ் ரப்பர், உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும், சுழலாது, முறுக்கிக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி தரையில் இறங்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். வண்டியைக் கொஞ்சம் மேலே தள்ளி வைக்கும், உயர அளவு பொய்யாக வரும், அந்தப் பொய் உயரத்தில் அலைன்மென்ட் பார்ப்பீர்கள். பிறகு ரப்பர் கிழிந்ததும் எல்லாம் மாறிவிடும். போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கியோ நான்கு சக்கரத்தையும் தாங்கும் லிஃப்ட்டில் ஏற்றியோ, எடை முழுவதும் சக்கரத்தில் இருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்கச் சொல்லுங்கள். "ஏனுங்க, எப்பவும் இப்படித்தாங்க பண்றோம்" என்பார்கள். பொறுமையாகச் சொன்னால் செய்வார்கள், என் அனுபவம் அப்படித்தான்.

அதன் பிறகு உடனே மெஷினில் ஏற்ற வேண்டாம். புது ஸ்பிரிங் உட்கார வேண்டும். சில நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு, மையத்திலிருந்து ஃபெண்டர் வரை நான்கையும் அளந்து, எண் அசையாமல் நின்ற பிறகு போங்கள். டேங்க் பாதிக்கு மேல், காற்று சரியாக, டிக்கியில் என்றும் இருக்கும் சாமானோடு. கேஸ்டரையும் அளக்கச் சொல்லி முன்பே பேசிவிடுங்கள், கூடுதல் காசு கேட்டால் கொடுங்கள். தாளில் அன்றைய நான்கு உயர அளவையும் கையால் எழுதி வையுங்கள், அடுத்த முறை எண் மாறினால் ஸ்பிரிங் இறங்கியதா, வேறெதுவும் வளைந்ததா என்று பிரித்துப் பார்க்க அது ஒன்றுதான் உதவும்.